எந்தக் கை, எந்த வேலை, எத்தனை மணி நேரம்? குழந்தைகள் நரம்பியல் மறுவாழ்வில் மூத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் பணி

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்கு வலது கை சரியாக வரவில்லை என்று தெரிந்ததும், மருத்துவச் சொற்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கையால சாப்பிடும்?" சோற்றுக்கை என்று தனிப்பெயரே வைத்திருக்கிறோம் அல்லவா. பாட்டி பிள்ளையின் இடது கையை மெல்ல விலக்கிவிட்டு, மடங்கிக் கிடக்கும் வலது கைக்குள் சோற்றை வைத்து, தன் கையால் மூடி, வாய்க்குக் கொண்டுபோவார். அன்பால் செய்வதுதான். ஆனால் பதினைந்து நிமிடச் சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுக்கும். பிள்ளை பாதித் தட்டோடு எழுந்துவிடும், எடை ஏறாது. போகப்போக வலது கையை யாராவது தொட வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூளையின் இடப்பக்கம் அடிபட்டு வலப்பக்கம் தளர்ந்த குழந்தைக்கு, பெரும்பாலும் இடது கைதான் வாழ்நாள் முழுவதும் முதன்மைக் கை. வலது கையின் வேலை பிடித்துக்கொள்வது, அழுத்திக்கொள்வது, தாங்குவது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் இடது கை உண்ணட்டும், வலது கை தட்டின் விளிம்பைப் பிடிக்கட்டும். வலது கையால் எடுத்து உண்ணும் பயிற்சி வேண்டுமானால், பசி ஆறிய பிறகு, தனியாக இருபது நிமிடம், முறுக்குத் துண்டு போலக் கையில் நசுங்காமல் நிற்பவற்றை வைத்துச் செய்யலாம். கோவிலில் பிரசாதம் வாங்கும்போது வலது கைக்கு அடியில் இடது கையைக் கொடுத்து ஏந்துகிறோமே, அது மிக நல்ல பயிற்சி. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமான அசைவு. அதோடு இரண்டு கைகளும் உடலின் நடுக்கோட்டில் சேரவும் வேண்டும். பாட்டியின் மனமும் நிறையும்.

ஆக்குபேஷனல் தெரபி என்பதில் 'ஆக்குபேஷன்' சம்பளத் தொழிலைக் குறிப்பதல்ல. உண்பது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது, கழிவறைக்குப் போவது என்று ஒரு குழந்தையின் நாளை நிரப்பும் காரியங்கள் அத்தனையும் அதில் அடக்கம். நரம்பியல் மறுவாழ்வில் மூத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சுருக்கமாக ஓடி) ஒருவரின் திறமை கைவித்தையில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடத் தேர்வில்தான் அதிகம் இருக்கிறது. எந்தக் காரியத்தை இப்போது எடுப்பது, எத்தனை மணி நேரம் அதற்கு வேண்டும், அந்த நேரத்தை யார் கொடுப்பார்கள், எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்ற தேர்வு.

சிங்கப்பூரில் இந்தப் பிள்ளைகள் முதலில் வந்து சேரும் பொது மருத்துவமனைகள் முக்கியமாக இரண்டு: கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும். பெருமூளை வாதம் (வளரும் மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு கெடும் நிலை), தலைக்காயம், மூளைக்காய்ச்சல், மூளைக் கட்டி அறுவை, பக்கவாதம், தண்டுவடக் காயம், பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்ட கை என்று காரணங்கள் பல. மருத்துவமனைக் கட்டம் முடிந்ததும் ஆறு வயது வரை எய்பிக் எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்கள் உண்டு. பிறகு வழக்கமான தொடக்கப்பள்ளி அல்லது சிறப்புக் கல்விப் பள்ளி. பெருமூளை வாதத்துக்கென்று 1957லேயே தொடங்கப்பட்ட அமைப்புதான் இன்று செரிப்ரல் பால்சி அலையன்ஸ் சிங்கப்பூர். மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

2011ல் இயற்றப்பட்ட துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின்படி, இங்கே ஓடியாகப் பணிபுரிய அத்தொழிலர் மன்றத்தில் பதிவு வேண்டும். தமிழ்நாட்டிலோ வேறு நாட்டிலோ படித்து வருபவர்கள் பொதுவாக நிபந்தனைப் பதிவோடு, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் தொடங்குவார்கள். மூத்த ஓடியின் வாரத்தில் பெரும் பகுதி இதற்கே போகும். இளையவர்களின் அறிக்கைகளைத் திருத்துவது, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழக மாணவர்களை வார்டில் அழைத்துச் செல்வது, காத்திருப்புப் பட்டியலில் யார் முதலில் என்று முடிவெடுப்பது, மறுவாழ்வு மருத்துவர், எலும்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரோடு கூட்டுக் கிளினிக்கில் உட்காருவது. காத்திருப்புப் பட்டியலில் ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று ஒரே கையை நீட்டுகிறது என்று தகவல் வந்தால், எட்டு வயதுப் பிள்ளையின் கையெழுத்துப் பிரச்சினைக்கு முன்னால் அதைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு முன் இடக்கை வலக்கைப் பழக்கம் தெளிவாகத் தெரிவது திறமை அல்ல, எச்சரிக்கை. குறைமாதக் குழந்தை என்றால் வயதைத் திருத்திக் கணக்கிடுவார்கள்: 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு, 40 வாரத்தை முழுக்காலமாகக் கொண்டு, பிறந்தநாள் வயதிலிருந்து மூன்று மாதம் கழிக்க வேண்டும்.

தொடாமல் பார்ப்பது

முதல் சந்திப்பில் கையைப் பிடித்து நீட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. ஒரு பொம்மைப் பெட்டியை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா பார்த்தால் போதும், கை தன் கதையைச் சொல்லிவிடும். "வலது கையால எடு" என்று சொன்னால் எடுக்கும் பிள்ளை, சொல்லாதபோது அந்தக் கையை மறந்தே போகலாம். முடிவது வேறு, செய்வது வேறு. இதைப் பிரித்து அளப்பதற்காகவே உருவானது 'அசிஸ்டிங் ஹேண்ட் அசெஸ்மென்ட்'. இரண்டு கை தேவைப்படும் விளையாட்டுகளைக் கொடுத்துப் படம்பிடித்து, பிறகு பயிற்சி பெற்றவர் மதிப்பெண் போடுவார். 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் 5 அலகாவது மாறினால்தான் உண்மையான மாற்றம். மூன்று அலகு ஏறியதைக் கொண்டாடிக் குடும்பத்துக்குச் சொல்வது தவறு.

கையாளும் திறனை மேக்ஸ் என்ற ஐந்து நிலை வகைப்பாடு சொல்கிறது. முதல் நிலைப் பிள்ளை பொருள்களை எளிதாகக் கையாளும். மூன்றாம் நிலைப் பிள்ளைக்கு யாராவது பொருளைத் தயார்செய்து, பிடிக்கத் தோதாக வைத்துக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நிலையில் கை பொருளைக் கையாளாது. பிள்ளை ஆண்டுதோறும் ஒரு நிலை ஏறும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் உண்டு. இது தேர்ச்சி அட்டை அல்ல. நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. அந்த நிலைக்குள் பிள்ளை எதையெல்லாம் செய்யக் கற்கும் என்பதுதான் மாறும்.

அடுத்தது இலக்கு. சிஓபிஎம் என்ற நேர்காணலில் குடும்பமோ பிள்ளையோ முக்கியமான காரியங்களைச் சொல்லி, இப்போது எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். இரண்டு புள்ளி உயர்ந்தால் அர்த்தமுள்ள மாற்றம் என்று கொள்வது வழக்கம். "வலது கை நல்லா வேலை செய்யணும்" என்பது வேண்டுதல். "பன்னிரண்டு வாரத்தில், பாலர் பள்ளியில் தன் தண்ணீர்ப் போத்தலை வலது கையால் பிடித்து இடது கையால் மூடியைத் திறப்பான், பத்து முறையில் எட்டு முறை" என்பது இலக்கு. இப்படி எழுதிவிட்டால் எதைப் பயில்வது என்பது தானாகவே வந்துவிடும். போத்தலைத்தான். பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்குவதை அல்ல.

மணிக்கணக்கு

பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளை இயோனா நோவாக் குழுவினர் 2013லும் 2020லும் போக்குவரத்து விளக்கு நிறங்களில் தரம் பிரித்தார்கள். பிள்ளை தானாக, உண்மையான காரியத்தை, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகள் பச்சையில் வந்தன. சிகிச்சையாளர் பிள்ளையின் உடலைத் தன் கையால் அசைத்துக்கொடுக்கும் முறைகள் பச்சையில் வரவில்லை. 2013 வரிசையில் உயரழுத்த ஆக்சிஜன் அறை சிவப்பில் இருந்தது. கடன் வாங்கியாவது அதற்குப் போகலாமா என்று கேட்கும் குடும்பங்களிடம் இதை மென்மையாக, ஆனால் மழுப்பாமல் சொல்வது மூத்தவரின் கடமை என்றே நினைக்கிறேன். எண்ணெய் தேய்த்து நீவுவது பிள்ளைக்குச் சுகமாக இருந்தால் தாராளமாகத் தொடரலாம். கை வேலை கற்பதற்கு அது மாற்றாகாது.

எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதற்கு 2020ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு ஓரளவு விடை தந்தது. குறிப்பிட்ட தனி இலக்குகளை எட்ட 14 முதல் 25 மணி நேரம், கையின் பொதுவான செயல்பாடே உயர 30 முதல் 40 மணி நேரம். இப்போது கணக்குப் போடுவோம். வாரம் ஒரு முறை 45 நிமிட அமர்வு, பன்னிரண்டு வாரத்துக்கு 9 மணி நேரம். பிள்ளை அழுது தணிவது, அம்மாவிடம் பேசுவது, அளவெடுப்பது எல்லாம் போக ஆறு மணி நேரப் பயிற்சி தேறினால் பெரிது. வீட்டில் நாளுக்கு 15 நிமிடம், வாரத்தில் ஆறு நாள், அதே பன்னிரண்டு வாரம் என்றால் 18 மணி நேரம். கிளினிக்கில் தேறிய ஆறையும் கூட்டினால் 24. கிளினிக்கை மட்டும் நம்பினால் தொடக்கக் கோட்டையே தாண்ட முடியாது என்பதை இந்தக் கூட்டல் காட்டுகிறது. அந்தப் பதினைந்து நிமிடமும் ஒரே காரியத்துக்கானதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பயிற்சிகள் அச்சடித்த தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அது குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தோடு நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் மட்டும் தளர்ந்த பிள்ளைகளுக்கு வலுவான சான்று உள்ள முறைகள் இரண்டு. ஒன்று சிஐஎம்டி: நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, தளர்ந்த கையை வேலை வாங்குவது. இன்னொன்று இரு கைகளும் சேர்ந்து செய்யும் காரியங்களில் செறிவான பயிற்சி. ஹாபிட் என்ற அதன் முகாம் வடிவம் நாளுக்கு ஆறு மணி நேரம், பதினைந்து நாள், மொத்தம் 90 மணி நேரம். மணிநேரம் சமமாக இருந்தால் பலனும் ஏறக்குறைய சமம். ஆகவே பிள்ளையின் குணம், குடும்பத்தின் நேரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கைக்குழந்தைகளுக்கான பேபி சிஐஎம்டி இன்னும் எளிது: நாளுக்கு அரை மணி நேரம், வாரம் ஆறு நாள், ஆறு வாரம். ஆறு வாரம் ஓய்வு. மீண்டும் ஆறு வாரம். கூட்டினால் 36 மணி நேரம். உறைக்கு ஒரு காலுறையே போதும்.

பிழை எங்கே நேர்கிறது? உறையை நாள் முழுக்க மாட்டிவிடுவது முதல் பிழை. தடுமாறி விழும்போது தரையில் ஊன்றும் நல்ல கை கட்டுண்டிருக்கும். உறையோடு நடக்கவிடக் கூடாது, படியில் ஏறவிடக் கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். விளையாட்டுப் பொருள் கடினமாக இருப்பது இரண்டாவது. பத்து முயற்சியில் ஏழெட்டு வெற்றி கிடைக்கும் அளவுக்கு இலகுவாகத் தொடங்கி, பொருளின் அளவையோ வைக்கும் தூரத்தையோ கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். எடுப்பதைவிட விடுவது கடினம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விரல் பிரியாத பிள்ளைக்கு ஆழமான டப்பாவுக்குள் போடச் சொல்லாமல், அகன்ற தட்டின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி விடச் சொன்னால் விரல் திறக்கும்.

தசை இறுக்கத்துக்கு போட்டுலினம் ஊசி போட்டால் சில நாட்களில் தளரத் தொடங்கி, இரண்டு முதல் ஆறு வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் மங்கிவிடும். பயிற்சி அமர்வுகளை ஊசி போடும் நாளுக்கு முன்பே பதிவுசெய்யாவிட்டால் அந்தச் சன்னல் மூடிக்கொள்ளும். ஊசி தசையைத் தளர்த்தும், வேலையைக் கற்றுக்கொடுக்காது.

ஸ்பிளிண்ட்: ஒரு கை அகலப் பிளாஸ்டிக்கில் எத்தனை முடிவுகள்

ஸ்பிளிண்ட் என்பது கையை ஒரு நிலையில் தாங்கிப் பிடிக்க மாட்டும் பிளாஸ்டிக் தகடு. முதலில் கேட்க வேண்டியது, இது எதற்கு? நீட்டிப் பிடிப்பதால் மட்டும் மூட்டு இறுகுவதைத் தடுக்க முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஏழு மாதத்துக்கு உட்பட்ட நீட்டல் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த 2017 காக்ரேன் ஆய்வு, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே முடித்தது. எனவே "எதற்கும் இருக்கட்டும்" என்று ஸ்பிளிண்ட் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. உள்ளங்கை மடிப்பில் தோல் ஊறிப் புண்ணாகிறது, கட்டைவிரல் உள்ளே மடங்கிப் பொருளைப் பிடிக்க இடமில்லை, அறுவைக்குப் பின் நிலையைக் காக்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல முடிந்தால் செய்யலாம்.

செய்முறை இது. கை திறக்காத பிள்ளையிடம் மல்லுக்கட்டாமல், நல்ல கையைக் காகிதத் துவாலையில் வரைந்து அதைத் திருப்பிப் போட்டு மாதிரி எடுக்கலாம். முன்கையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சுற்றளவில் பாதி. இதைவிடக் குட்டையானால் விளிம்பு தோலைக் குத்தும், ஆழமானால் பட்டை கையைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும். சிறுவர் கைக்கு 1.6 அல்லது 2.4 மி.மீ தெர்மோபிளாஸ்டிக் போதும். 65 முதல் 75 டிகிரி வெந்நீரில் இளகியதும் எடுத்து, துடைத்து, முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே பிள்ளையின் தோலில் வைக்க வேண்டும். மெல்லிய தகடு ஓரிரு நிமிடத்தில் இறுகிவிடும். அதற்குள் அழுகையையும் சமாளிக்க வேண்டும் என்பதால் மடியில் உட்கார்த்தி, கைப்பேசியில் பிடித்த பாட்டை ஓடவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து செய்வது வசதி.

மிகுதியாக நடக்கும் பிழை மணிக்கட்டைப் பாடப்புத்தகக் கோணத்துக்கு உயர்த்துவது. இறுகிய கையில் மணிக்கட்டை உயர்த்தினால் விரல் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் சுருளும். சுருண்ட விரல்கள் தகட்டை விட்டு எழும், பட்டை நழுவும். "கழற்றி எறிகிறான்" என்று வரும் புகாரில் பாதி இதுதான். விரல்கள் சண்டையில்லாமல் நீளும் கோணத்திலேயே மணிக்கட்டை நிறுத்தி, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். இரண்டாவது பிழை கட்டைவிரல் நுனியைப் பிடித்து வெளியே இழுப்பது. அடியெலும்பைத் தாங்காமல் நுனியை இழுத்தால் நடு மூட்டு பின்பக்கம் வளைந்து தளர்ந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்வது கடினம்.

இந்த ஊர் வெக்கையும் ஒரு காரணி. உள்ளே பருத்திக் குழாய்த்துணி மாட்ட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று, மாற்றித் துவைக்க. பகலில் கட்டைவிரலுக்கு மாட்டும் நியோப்ரீன் பட்டையில் வியர்வை தேங்கி வேர்க்குரு வரும். காரில் வைத்துவிட்டுப் போனால் தகடு உருமாறும். முதல் நாள் அரை மணி நேரம், கழற்றிப் பார்த்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டலாம். கழற்றி இருபது நிமிடமாகியும் மறையாத சிவப்பு, குறிப்பாகச் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு எலும்பின் மேல் இருந்தால், அந்த இடத்தைச் சூடாக்கிக் குழிக்க வேண்டும். பஞ்சு வைத்து மூடினால் அழுத்தம் கூடத்தான் செய்யும்.

நாற்காலி இடுப்பிலிருந்து தொடங்குகிறது

தலை சாய்கிறது என்று குடும்பம் சொல்லும், தலைத்தாங்கி கேட்கும். தலைத்தாங்கிதான் கடைசியாக வர வேண்டியது. முதலில் இடுப்பு. இருக்கையின் ஆழம், பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 2 முதல் 3 செ.மீ குறைத்தது. "வளருவான், பெரிதாகவே வாங்கலாம்" என்று ஆழத்தைக் கூட்டினால், விளிம்பு முழங்காலின் பின்னால் இடித்து இடுப்பை முன்னால் இழுக்கும். பிள்ளை முதுகெலும்பின் அடிநுனியில் உட்கார்ந்து சறுக்கும். சறுக்குவதைப் பார்த்து மார்புப் பட்டையை இறுக்குவார்கள். சறுக்கும் உடலில் மார்புப் பட்டை கழுத்துக்கு ஏறும். இது உண்மையான ஆபத்து. இடுப்புப் பட்டை இருக்கைத் தளத்துக்கு 45 முதல் 60 டிகிரிக் கோணத்தில், இடுப்பெலும்புக்குக் கீழே கீழ்நோக்கி இழுக்க வேண்டும். வயிற்றின் மேல் அல்ல.

பின்தொடைத் தசை இறுகிய பிள்ளையின் பாதத்தை முன்னால் நீட்டி வைத்தாலும் இடுப்பு பின்னால் சுழலும். பாதத்தட்டை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் பல நேரம் முதுகு தானே நிமிரும். ஒரு தொடை குட்டையாகத் தெரிந்தால் இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று மருத்துவரிடம் எக்ஸ்ரே கேட்க வேண்டும். மிகக் கடுமையான நிலையில், அதாவது உடல் இயக்கத்தை ஐந்தாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் வகைப்பாட்டின் ஐந்தாம் நிலையில், பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இடுப்பு விலகல் வருகிறது. சாய்க்கும் வசதியுள்ள நாற்காலி ஓய்வுக்கு நல்லது. சாய்த்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகலாம். ஊட்டும் நிலையைப் பேச்சு சிகிச்சையாளரோடு சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

இருக்கை கச்சிதமாக அமைந்த பிறகு வீட்டுக்குள் நுழையாமல் போவதும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கதவுச் சட்டத்தை அல்ல, கதவு திறந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும். நடைபாதையில் அண்டை வீட்டுக் காலணி அடுக்கு, குளியலறை வாசல் திட்டு, பாதத்தட்டோடு சேர்ந்த நாற்காலி நீளம் மின்தூக்கியில் அடங்குமா, எல்லாம் பார்க்க வேண்டும். உதவிக் கருவிகளுக்கு, உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாக வரும் உதவித் தொழில்நுட்ப நிதி, வருமானத்தைப் பொறுத்து, விலையில் 90 விழுக்காடு வரை, வாழ்நாளில் மொத்தம் 40,000 வெள்ளி வரை தருகிறது. வாழ்நாள் உச்சவரம்பு என்பதை மறக்கக் கூடாது. மூன்று வயதில் விலையுயர்ந்த நாற்காலிக்குக் கணிசமாகச் செலவழித்துவிட்டால், பதினான்கு வயதில் மின்நாற்காலிக்கு மிச்சம் என்ன என்று யோசித்துத்தான் பரிந்துரை எழுத வேண்டும். ஒப்புதல் வரும் முன் வாங்கிவிடாதீர்கள் என்று குடும்பத்துக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. 2015ல் திறக்கப்பட்ட எனேபலிங் வில்லேஜில் கருவிகளை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

"என்னைத் தெரியுதா?"

தலைக்காயத்தில் நினைவிழந்து விழித்த பிள்ளைக்கு வேறு ஒழுங்கு. கண் திறந்த முதல் நாட்களில் மூளை புதிய நினைவுகளைப் பதிந்துகொள்ளாது. அந்தக் குழப்பக் காலம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பது பின்னாளைய மீட்சிக்கு முக்கியமான குறிகாட்டி. அதனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் கேள்விகளால் அளப்பார்கள். சிக்கல், அதே கேள்விகளை உறவினர்களும் கேட்பதுதான். மாமா வருவார், சித்தி வருவார், ஆளாளுக்குக் கட்டிலில் குனிந்து "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லு?" என்பார்கள். பிள்ளைக்குத் தெரியாது. பயப்படும், கத்தும், குழாய்களைப் பிடுங்கும். கேட்காமல் சொல்ல வேண்டும்: "நான் பெரிய மாமா. நீ ஆஸ்பத்திரியில இருக்க. அம்மா சாயங்காலம் வருவாங்க." ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர், தொலைக்காட்சி அணைந்திருக்க, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை வீட்டில் பாட்டியோடு தமிழில் பேசிப் பழகியதென்றால், நாள்காட்டியும் அறிவிப்பு அட்டையும் தமிழிலும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் கேட்டு விடை வராததை வைத்து மதிப்பிடுவது பிழை.

பல் துலக்குவது, முகம் கழுவுவது போன்ற பழகிய காரியங்கள் இந்தக் கட்டத்தில் சொல்லை முந்தி வரும். துலக்கியைக் கையில் கொடுத்தால் கை தானே வாய்க்குப் போகலாம். நினைவாற்றல் பழுதுபட்ட பிள்ளைக்குத் தவறு செய்யவிட்டுத் திருத்தும் முறை உதவாது. தவறுதான் பதிந்து நிற்கும். முதல் முறையே சரியாகச் செய்யுமாறு கூடவே கைகொடுத்து, உதவியைப் பிறகு குறைக்க வேண்டும்.

பெற்றோரிடம் சொல்ல மிகவும் கடினமான ஒன்று உண்டு. ஆறு வயதில் மூளையின் முன்பகுதியில் அடிபட்ட பிள்ளை, நடந்து பேசி, "முழுசா சரியாயிட்டான்" என்று வீடு திரும்பலாம். திட்டமிடுவது, பொறுமையாகக் காத்திருப்பது, இரண்டு வேலையை ஒருங்கே நினைவில் வைப்பது போன்ற திறன்கள் அந்த வயதில் யாருக்கும் முழுதாக இல்லை. தொடக்கநிலை நான்கு, ஐந்தில் பள்ளி அவற்றைக் கேட்கத் தொடங்கும்போதுதான் இல்லாமை தெரியும். அப்போது பழைய காயம் யாருக்கும் நினைவிருக்காது, பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் வந்திருக்கும். அதனால் வீடு திரும்பும்போதே பள்ளிக்கு எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்பும், குறிப்பாக பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆண்டுக்கு முன்பும், மறுமதிப்பீட்டு நாளைக் குறித்துவிட வேண்டும். பள்ளி திரும்புவது அரைநாளாகத் தொடங்கட்டும். கேன்டீன் இரைச்சலில் பிள்ளை களைத்துவிட்டால் இடைவேளைக்கு முன்பான பாடங்களே போதும்.

வீட்டில் யார் செய்வது

காலை ஆறே கால் மணிக்குப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க முடியாது. ஏழரைக்குப் பள்ளி. சனிக்கிழமை மதியம் செய்யலாம். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். டி-சட்டையைக் கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் போவது பலன் தரும். தலையும் கைகளும் மாட்டிவிட்டு, கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். முடித்த பெருமை பிள்ளைக்கு. அடுத்த வாரம் ஒரு படி முன்னால்.

பல வீடுகளில் இதைச் செய்பவர் பணிப்பெண்தான். அவரைக் கிளினிக்குக்கு அழைத்துவராமல் அம்மாவுக்கு மட்டும் காட்டினால் செய்தி பாதி வழியிலேயே தேய்ந்துபோகும். பிள்ளையை விரைவாகக் குளிப்பாட்டி உடுத்திவிடுவதே தன் கடமை என்று அவர் நினைத்திருப்பார். "காத்திருங்கள், அவள் செய்யட்டும்" என்று சொல்லும் அதிகாரத்தை முதலாளியின் முன்னிலையில் அவருக்கு வழங்க வேண்டும். அவருடைய கைப்பேசியிலேயே அவர் செய்வதைப் படமெடுத்து வைக்கலாம். இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போனாலும், ஒரு பிரதி குடும்பத்திடம் இருந்தால் அடுத்தவருக்குப் பயிற்சி அங்கிருந்து தொடங்கும்.

தமிழ் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ழு, ணை, ளி போன்ற எழுத்துகளில் சுழிகள் அடர்த்தி. விரலுக்குள் பேனா நுணுக்கமாகத் திரும்ப வேண்டும். ஆனால் ஒரு கை தளர்ந்த பிள்ளையின் கையெழுத்து மோசமாவதற்கு முதல் காரணம் பல நேரம் எழுதும் கை அல்ல, நழுவும் தாள். வழுக்காத விரிப்பும் தாள் கிளிப் பொருத்திய பலகையும் கொடுத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வேறு மதிப்பீடு. தட்டச்சுக்குப் போனால், ஒற்றைக் கைக்கு ஷிஃப்ட் விசையோடு இன்னொரு விசையை ஒருசேர அழுத்துவது பெரும்பாடு. ஒலிபெயர்ப்பு முறையில் ள, ண எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். கணினியில் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கிவிட்டால் ஒவ்வொன்றாக அழுத்தலாம். தாய்மொழிப் பாட விலக்கு கேட்பதற்கு முன் இவ்வளவையும் முயன்று பார்க்க வேண்டும். கை எழுதாததை மொழி வராததாக எண்ணி விலக்கிவிட்டால் பாட்டியோடு பேசும் மொழியும் பள்ளியில் இடமிழக்கும். தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்துத் தாள் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்கும். அதற்கு ஓடி தரும் அறிக்கையில் "மெதுவாக எழுதுகிறாள்" என்பதற்குப் பதில் நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனையாவது நிமிடத்தில் கை வலித்து நிறுத்தினாள் என்று இருக்க வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் அதே சிஓபிஎம் தாளை எடுத்து மறுபடி கேட்பார்கள். அம்மா பொத்தானுக்கு மூன்றிலிருந்து ஏழு கொடுத்திருப்பார். பிள்ளை மூன்றிலேயே நிற்கும். அம்மாவின் எண்ணைக் குறித்துக்கொண்டு கோப்பை மூடுவது சுலபம். பிள்ளையிடம் கேட்டால், பொத்தான் போட வருகிறது, ஆனால் தான் வேண்டியது அதுவல்ல என்று சொல்லக்கூடும். தோழிகள் போல் தலைமுடியைத் தானே தூக்கிக் கட்ட வேண்டும். தளர்ந்த கை முடியைக் கொத்தாகப் பிடித்து நிற்க, நல்ல கை ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கை தலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். முதல் நான்கு வாரம் பொம்மையின் முடியில், மேசை மேல், பார்த்துச் செய்வது. பிறகு கண்ணாடி முன் பக்கவாட்டில். அதன் பிறகே பின்னால். நாளுக்கு 15 நிமிடம்.